பருப்பு வேகாத தண்ணீர்: பழங்குடிப் பெண்களின் வாழ்க்கைக்கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கதைகளைப் பற்றிய கேள்விகள் இவை?

கேரளத்தைச் சேர்ந்த இரண்டு பழங்குடிப் பெண்களின் வாழ்க்கைக்கதைகளே இங்கே மையம். முதலாமவர், பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலைக்கு எதிரான போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மா. எரவாளர் என்னும் பழங்குடியைச் சேர்ந்த அவர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். அவர் சொல்லச் சொல்ல, பாலக்காட்டுக் கவிஞர் ஜோதிபாய் பரியாடத்து அதை மலையாளத்தில் எழுத்தாக்கினார். அது நூலாயிற்று; மயிலம்மா 2007 ஜனவரியில் காலமானார். கவிஞர் சுகுமாரனின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் வந்திருக்கிறது.

இரண்டாமவர் வயநாட்டின் சி.கே. ஜானு. அடியர் அல்லது ராவுளர் என்று அழைக்கப்படும் சமூகத்தில் பிறந்து, சிறு வயதில் வீட்டுவேலைக்கும் பிறகு வயல்கூலிக்கும் போய், எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்புகளில் எழுதப் படிக்கக் கற்றவர். பாஸ்கரன் என்பவர் மலையாளத்தில் கேட்டெழுதிய அவருடைய கதை, 2004ஆம் ஆண்டு ‘மதர் ஃபாரஸ்ட்’ என்ற பெயரில் ஆங்கிலத்துக்குப் போயிற்று; ‘முடிவுறாத கதை’ என்பது அதன் துணைத்தலைப்பின் பொருள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2023இல், ‘அடிமமக்க’ என்ற தன்வரலாறு அவர் பெயரிலேயே வெளிவந்தது. முதல் நூலில் பிறர் கைக்குத் தம் குரலைக் கொடுத்தவர், பிறகு தாமே ஆசிரியராகிறார். இந்த இடைவெளியைப் பற்றிக் கீழே மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

பிளாச்சிமடையில் நடந்தது என்ன?

பொள்ளாச்சிக்கு மேற்கே, தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டத்தில், பெருமாட்டி ஊராட்சிக்குள் இருக்கிறது பிளாச்சிமடை. கேரளம் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் மழைப்பச்சை இங்கே கிடையாது; பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரமான இப்பகுதி மழை குறைந்தது, பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் தண்ணீரையும் கிணறுகளையும் நம்பி உழும் பூமி. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த ஊரில் 34 ஏக்கர் பரப்பில் எழுந்த கோக்கோ கோலா ஆலை, 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் உற்பத்தியைத் தொடங்கியது. நிலத்தடி நீரே அதன் முதற்பொருள்.

ஆலை ஓடத் தொடங்கிச் சில மாதங்களிலேயே, சுற்றியுள்ள குடியிருப்புகளின் கிணறுகள் வற்றுவதாகவும், எஞ்சிய தண்ணீர் குடிக்கவோ சமைக்கவோ உதவாததாகிவிட்டதாகவும் பெண்கள் முறையிட்டார்கள். சமைத்த சோறு நிறமும் சுவையும் மாறிச் சீக்கிரம் கெட்டுப்போனது, பருப்பு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரித்தது, கண் எரிந்தது. நல்ல தண்ணீருக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடக்க வேண்டிவந்தது. அந்த நடையில் போன பொழுது, கூலி வேலைக்குப் போக முடியாமல் போன பொழுது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலையின் வாயிலுக்கு எதிரே பந்தல் போட்டுத் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பந்தலில் நாள்தோறும் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் எரவாளர் முதலிய பழங்குடிப் பெண்கள்.

2003 ஏப்ரலில் ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுமக்களுக்குச் சொந்தமான வளம், அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். வறட்சியை முன்னிட்டு மாநில அரசு விதித்த கட்டுப்பாட்டையடுத்து 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு, நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் வரை நீரெடுக்கலாம் என்று மாற்றித் தீர்ப்பளித்த பிறகும் ஆலை முன்போல் இயங்கவில்லை. தண்ணீர்ப் பற்றாக்குறைக்கு மழைக் குறைவே காரணம் என்று வாதிட்ட நிறுவனம், தன் மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்தது. 2017இல், ஆலையை மீண்டும் தொடங்கும் எண்ணமில்லை என்று அது உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

ஆய்வகச் சோதனைகளும் தீர்ப்புகளும் இருக்கும்போது, ஒரு பெண்ணின் நினைவுகள் எதற்கு?

இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அறிவியல் படித்த நண்பர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் வரிசை தவறிவிடுகிறது. ஆலையிலிருந்து உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்ட கசடில் காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் இருப்பதாகப் பிபிசி வானொலி வெளியிட்ட செய்தி 2003 ஜூலை மாதத்தது. பந்தல் போட்டது அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னால். பெண்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் மாதிரிகளை எடுத்துப்போகப் புட்டிகள் வந்தன.

பருப்பு வேகவில்லை என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது கொங்கு நாட்டுச் சமையலறை எதிலும் தெரிந்த செய்தி; வேதியியலும் அதையே சொல்கிறது. நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகும்போது, அவை பருப்பின் செல்சுவர்களிலுள்ள பெக்டின் என்ற பொருளோடு பிணைந்து அதை இறுக்கிவிடுவதால், எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு மசியாமல் முழித்துக்கொண்டு நிற்கும். சோப்பு நுரைக்காததும் இதே கடினத்தன்மையால்தான். நேற்று வரை அரை மணியில் வெந்த பருப்பு இன்று ஒன்றரை மணி நேரமாகியும் வேகவில்லை என்று ஒருத்தி சொல்லும்போது, அதே அடுப்பு, அதே பானை, அதே கை, மாறியது தண்ணீர் மட்டும் என்ற ஒப்பீட்டுச் சோதனையை அவள் செய்து முடித்துவிட்டாள். அவளிடம் இல்லாதது அறிக்கைத்தாள் ஒன்றுதான்.

எல்லை எங்கே என்பதையும் சொல்லிவிட வேண்டும். காட்மியம் நாக்குக்குத் தெரியாது. அதற்கு ஆய்வகம் கட்டாயம் வேண்டும். கிணறு வற்றியதில் வறட்சியின் பங்கு எவ்வளவு, ஆலையின் பங்கு எவ்வளவு என்பதையும் குடத்தால் அளக்க முடியாது. ஆனால் எந்த நாளிலிருந்து, எந்தக் கிணற்றில், யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்ற நாட்குறிப்பு எந்த அரசு அலுவலகத்திலும் இருக்கவில்லை. அது மயிலம்மா போன்றவர்களின் நினைவில்தான் இருந்தது. வாழ்க்கைக்கதை ஆவணமாக மதிப்புப் பெறுவது இந்த இடத்தில்.

ஜானுவின் கதையில் காடு எவ்வாறு இடம்பெறுகிறது?

காடு தாயை விடவும் மேலானது, ஏனென்றால் அது கைவிடுவதில்லை என்ற பொருளில் ஜானு சொல்லும் ஒரு கூற்று பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஆங்கில நூலின் தலைப்பும் அதைத் தழுவியதே. அந்த ஒரு வரியை மட்டும் உருவி எடுத்துச் சுவரொட்டியில் ஒட்டிவிட்டால் நூலின் முக்கால் பங்கு காணாமல் போகும். அவருடைய காட்டில் பசி இருக்கிறது, மழை ஒழுகும் குடிசை இருக்கிறது, கிழங்கு தோண்டும் கை இருக்கிறது, காட்டைத் தாண்டியதும் நிலவுடைமையாளரின் வயலும் இருக்கிறது.

அந்த வயலின் பின்னணி தெரிந்திருந்தால் நூல் வேறு விதமாகப் பேசும். அடியர்கள் வயநாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகளாக இருந்தவர்கள். மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவின்போது, நில்ப்புப்பணம் என்ற சிறு தொகையைக் கொடுத்து, அடியர் குடும்பத்தை அடுத்த ஒரு வருட உழைப்புக்கு நிலவுடைமையாளர்கள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கம் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. சாமி சாட்சியாக நடந்த இந்த ஒப்பந்தத்தை மீறப் பலருக்கும் துணிவு வரவில்லை. காடு கைவிடாத தாய் என்று ஒருவர் சொல்வதற்குப் பின்னால், மற்றவை எல்லாம் கைவிட்ட வரலாறு இருக்கிறது என்று இதை வாசிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், காடும் அப்படியே நிற்கவில்லை. வயநாட்டு வனத்தின் பெரும்பகுதிகள் தேக்குத் தோட்டமாகவும் யூகலிப்டஸ் தோட்டமாகவும் மாற்றப்பட்டன. கோழிக்கோட்டை அடுத்த மாவூரில் 1963இல் தொடங்கிய ரேயான் கூழ் ஆலைக்கு மூங்கிலும் யூகலிப்டஸும் இந்த மலைகளிலிருந்தும் போயின. மூங்கில் போன காட்டில் மூங்கிலரிசியும் குருத்தும் இல்லை. யூகலிப்டஸின் அடியிலோ கிழங்கு எதுவும் விளைவதில்லை. அரசுக் கணக்கில் இரண்டும் காடுதான்.

ஜானு கேட்டது நிலம்தானே, அதைச் சூழல் போராட்டம் என்று சொல்லலாமா?

அவர் கேட்டது நிலம்தான், ஐயமில்லை. 1975ஆம் ஆண்டிலேயே பறிபோன பழங்குடி நிலங்களை மீட்டுத்தரச் சட்டம் இயற்றிய கேரளம், அதற்கான விதிகளை 1986இல்தான் வகுத்தது, நிலம் மீளவில்லை. பட்டினிச் சாவுகளை அடுத்து 2001 ஆகஸ்ட் 30 அன்று திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் ஆதிவாசிகள் குடில் கட்டிக் குடியேறினார்கள். 48 நாள் நீடித்த அந்தப் போராட்டம், நிலமற்ற குடும்பங்களுக்கு ஒன்று முதல் ஐந்து ஏக்கர் வரை தருவதாக அரசு உறுதியளித்ததும் முடிந்தது. உறுதி நிறைவேறாததால் 2003 ஜனவரியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வயநாட்டின் முத்தங்கா வனப்பகுதிக்குள் நுழைந்து குடில் போட்டன. பிப்ரவரி 19 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜோகி என்ற ஆதிவாசியும் ஒரு காவலரும் அன்று உயிரிழந்தார்கள். சில நாட்களில் ஜானு கைதானார்.

அப்போது சூழலியலாளர்களில் ஒரு பகுதியினர், வனவிலங்கு சரணாலயத்துக்குள் மனிதர்கள் புகுவது காட்டை அழிக்கும் என்று எதிர்த்தார்கள். போராடியவர்களின் பதில் என்னை இன்றைக்கும் யோசிக்க வைக்கிறது: தாங்கள் நுழைந்தது இயற்கைக் காட்டுக்குள் அன்று, கூழ் ஆலைக்காக நட்டு வெட்டப்பட்டு வறண்டுபோன யூகலிப்டஸ் தோட்டத்துக்குள், இயற்கைக் காட்டை அழித்தவர்கள் வேறு யாரோ. சூழல் என்பது ஆளில்லாத பசுமை என்று எடுத்துக்கொண்டால் முத்தங்கா ஒரு ஆக்கிரமிப்பு. மண்ணில் எது நடப்படலாம், யாருக்காக வெட்டப்படலாம் என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியே சூழல் கேள்வி என்று எடுத்துக்கொண்டால், நிலம் கேட்பதைக் காட்டிலும் கூர்மையான சூழல் எதிர்ப்பு வேறில்லை. இரண்டாவதே சரி என்பது என் கருத்து. சுற்றுச்சூழல் என்ற சொல் அவர்கள் வாயில் வருகிறதா என்று தேடிக்கொண்டிருப்பது வீண்வேலை.

இரு போராட்டங்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2002 ஏப்ரல் 22 அன்று பிளாச்சிமடைப் போராட்டத்தைத் தொடங்கிவைத்தவரே சி.கே. ஜானுதான்.

வேறொருவர் எழுதியதை அந்தப் பெண்ணின் கதை என்று எப்படி ஏற்பது?

இந்த வகை நூல்களைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான் என்பேன். ஒருவர் சொல்கிறார், மற்றொருவர் எழுதுகிறார், மூன்றாமவர் மொழிபெயர்க்கிறார். மூவருக்கும் சாதி, படிப்பு, அரசியல் எல்லாம் வேறு வேறு. எதை முதலில் வைப்பது, எங்கே பத்தி பிரிப்பது, எந்தத் தயக்கத்தை விட்டுவிடுவது என்று எழுதுபவர் எடுக்கும் நூறு முடிவுகளும் நூலுக்குள் மறைந்திருக்கின்றன. இலத்தீன் அமெரிக்காவில் இவ்வகை எழுத்துக்கு டெஸ்டிமோனியோ, அதாவது சான்றுரை, என்று பெயர். குவாத்தமாலாவின் கீச்சே மாயா பழங்குடிப் பெண்ணான ரிகோபெர்த்தா மென்சூ தம் சமூகத்தின் நிலப்போராட்டத்தையும் தோட்டங்களில் பட்ட பாட்டையும் சொல்ல, எலிசபெத் பூர்கோஸ் என்ற மானிடவியலாளர் அதை ஒலிப்பதிவு செய்து 1983இல் நூலாக்கினார். மென்சூவுக்கு 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து டேவிட் ஸ்டோல் என்ற மானிடவியலாளர், நூலிலுள்ள சில நிகழ்ச்சிகள் சொல்லப்பட்டவாறு நடக்கவில்லை என்று எழுத, பெரும் சர்ச்சை எழுந்தது. தம் சமூகம் முழுவதன் கதையைத் தம் கதையாகச் சொன்னதாக மென்சூ தரப்பு விளக்கியது.

அந்தச் சர்ச்சையிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. ‘நான்’ என்று சொல்பவர் அச்சொல்லுக்குள் எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்பாரி பாடுகிறவள் இறந்தவனுக்கு உடன்பிறந்தவளாக இல்லாமலே ‘என் பொறப்பே’ என்று அழைத்துப் பாடுவதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. அதே நேரம், நூலை எழுதியவர் தம் பெயரை அட்டையில் போட்டுக்கொள்ளும்போது, எந்தெந்த இடங்களில் தம் கை பட்டது என்பதை முன்னுரையில் விளக்கும் கடமை அவருக்கு உண்டு. அந்தக் கடமையைத் தட்டிக்கழிக்கும் நூல்களைச் சற்று எச்சரிக்கையோடு படிப்பது நல்லது.

ஜானு 2023இல் தம் பெயரிலேயே ஒரு தன்வரலாற்றை வெளியிட்டதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். இடையில் அவர் சிறை சென்றார், கட்சி தொடங்கினார், கூட்டணிகள் அமைத்தார், அவற்றுக்காக விமர்சிக்கவும் பட்டார். முதல் நூல் உருவாக்கிய ‘காட்டின் மகள்’ என்ற படிமத்துக்குள் அந்த அரசியல்வாதிக்கு இடம் போதவில்லை.

கதை சொல்லும் மொழியில் ஏதாவது தனித்தன்மை உண்டா?

ஜானுவின் முதல் நூல் இரண்டு பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதி அவர் சமூகத்தின் பேச்சோட்டத்துக்கு நெருக்கமானது. இரண்டாம் பகுதி கட்சி, சங்கம், போராட்டம் பற்றிப் பேசும் பொதுமொழியில் நடப்பது. ஆங்கிலத்தில் ‘நான்’ என்ற சொல்லை எப்போதும் பெரிய எழுத்தில்தான் எழுதுவார்கள், மொழிபெயர்ப்பாளர் என். ரவிசங்கர் முதற்பகுதியில் அதைச் சிறிய எழுத்தாக்கிவிட்டார். காட்டுக்குள் அந்த ‘நான்’ தனியாகத் தலைநிமிர்ந்து நிற்பதில்லை, மற்றவர்களோடு சேர்ந்தே நிற்கிறது என்பதை ஓர் எழுத்தின் உயரத்தைக் குறைத்தே உணர்த்திய உத்தி அது. சிலருக்கு இது அவரைச் சிறுமைப்படுத்துவதாகப் பட்டிருக்கிறது. அந்த மனத்தாங்கலும் புரிந்துகொள்ளத் தக்கதே.

தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: ‘நாங்கள்’ என்பதும் ‘நாம்’ என்பதும். கேட்பவரை வெளியே நிறுத்துவது முன்னது, உள்ளே அழைத்துக்கொள்வது பின்னது. இப்படிப்பட்ட கதையைத் தமிழாக்குகிறவர், ‘எங்கள் கிணறு’ என்று எழுதுவதா, ‘நம் கிணறு’ என்று எழுதுவதா என்பதை ஒவ்வொரு வரியிலும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ‘எங்கள் கிணறு’ என்றால் படிப்பவர் பார்வையாளர். அந்தத் தண்ணீர்ப் புட்டியை வாங்கிக் குடித்தவரும் அவராக இருக்கலாம். ‘நம் கிணறு’ என்று போட்டுவிட்டால் அந்தக் குற்றவுணர்வு கரைந்துபோய் எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்துவிடுகிறோம். பெரும்பாலான இடங்களில் ‘எங்கள்’ என்பதே நேர்மையான தேர்வு என்று தோன்றுகிறது.

பெண்கள் இயற்கைக்கு நெருக்கமானவர்கள், அதனால்தான் போராடுகிறார்கள் என்பது சரியா?

சூழல் பெண்ணியம் என்ற சிந்தனையின் ஒரு கிளை அப்படிச் சொல்கிறது. பிளாச்சிமடையைப் பார்த்தால் காரணம் அவ்வளவு புனிதமானதாகத் தெரியவில்லை. குடும்பத்தில் தண்ணீர் கொண்டுவரும் வேலை பெண்ணின் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. எனவே தண்ணீர் கெட்டால் முதலில் தெரிவது அவளுக்கு. இதை இயற்கையோடான நெருக்கம் என்று வாழ்த்தினால், அந்த வேலைப் பிரிவினையையும் சேர்த்து வாழ்த்தியதாகிவிடும். குடும்பத்தை நடத்திக்கொண்டும், பந்தலில் உட்கார்ந்துகொண்டும், வழக்குகளையும் வசைகளையும் சுமந்துகொண்டும் போராடிய ஒரு மூதாட்டியைப் பூமித்தாயின் அவதாரமாக்குவது, மரியாதைபோலத் தோன்றும் ஒருவகை மறதி.

தமிழ்நாட்டில் இத்தகைய எழுத்து உண்டா?

அடியரும் எரவாளரும் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலிலும் இருப்பவர்கள் என்பதால் கேள்வி பொருத்தமானதே. நூல் வடிவத்துக்கு வெளியே தேடினால், இங்கே மிக வலுவான சான்றுரை நீதிமன்றத்தில்தான் கிடைக்கிறது. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள், சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நுழைந்து ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் கூண்டில் ஏறிச் சொன்ன சொல்லை மையமாகக் கொண்டே, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் 2011 செப்டம்பரில் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வனப் பாதுகாப்பு என்ற பெயரில் வனத்து மக்களுக்கு எதுவும் செய்யலாம் என்ற நம்பிக்கைக்கு எதிரான சாட்சியம் அது. சூழல் இலக்கியம் படிக்கிறவர்கள் இந்தத் தீர்ப்புகளையும் தங்கள் அலமாரியில் வைக்கலாம்.

இக்கதைகளால் நடைமுறையில் ஏதாவது மாறியதா?

ஆலையை நிறுத்தியது போராட்டமும் ஊராட்சியும் அரசாணையும். நூல் அதன் பிறகே வந்தது. நூல் செய்தது வேறொன்று. 2010இல் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, பிளாச்சிமடையில் ஏற்பட்ட இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதை வசூலித்து வழங்கத் தனித் தீர்ப்பாயம் அமைப்பதற்கான மசோதாவைச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பிவந்தது. 216 கோடி என்ற தொகை கோப்பில் நிற்கும்போது, அது எதன் விலை என்பது மயிலம்மாவின் கதையில் நிற்கிறது: எத்தனை நடை, எத்தனை குடம், எத்தனை நாள் கூலி. மசோதாவை அவர் பார்க்கவில்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

தமிழ் வாசகருக்கு மயிலம்மாவின் கதையே எளிய வாசல். நிலமும் பேச்சும் பழக்கமானவை, பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வந்தவர்களுக்கு ஊர்ப்பெயர்கள்கூட அந்நியமாகத் தோன்றா. அதைப் படித்த கையோடு 2003 டிசம்பர் தீர்ப்பைப் படித்தால், கிணற்றடியில் பேசப்பட்டது சட்டமொழியாக மாறும்போது எது தங்குகிறது, எது உதிர்ந்துபோகிறது என்று பார்க்கலாம். ஜானுவை வாசிப்பவர்கள் முதற்பகுதியை அவசரமில்லாமல், முடிந்தால் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அது காதுக்காகச் சொல்லப்பட்டது. மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் ‘அடிமமக்க’ நூலை நேரடியாகவே முயன்று பார்க்கலாம். தலைப்பைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு அகராதி தேவைப்படாது.